கடையும் வீடும்

வியாபாரம் என்றவுடன் பெருமுதலும் பெருங்கட்டடமும் விளம்பரப் பலகைகளுமே நம் இளைஞர் பலரின் மனக்கண்முன் தோன்றுகின்றன. அவை இல்லாதவன் கடை வைக்கலாகாது என்றும், வைத்தாலும் நிலைக்கமாட்டான் என்றும் அவர்கள் எண்ணிவிடுகின்றனர். உயர்தர வகுப்பிலே கணக்கீடும் வணிகக் கல்வியும் கற்பித்து வருபவன் என்ற முறையில் இவ்வெண்ணத்தை ஆண்டுதோறும் புதிய முகங்களிலே கண்டு வருகின்றேன். பாடநூலில் உள்ளவற்றை அவர்கள் பிழையின்றி ஒப்புவிப்பார்கள். பொருள், விலை, இடம், மேம்படுத்தல் என்னும் நான்கையும் சந்தைப்படுத்தலின் அங்கங்களாக அமெரிக்கப் பேராசிரியர் ஜெரோம் மக்கார்த்தி 1960 ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலிலே வகுத்தார் என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஆனால், தங்கள் ஒழுங்கை முகப்பிலுள்ள சிறு கடையில் இந்நான்கும் எங்கே இருக்கின்றன என்று கேட்டால் வகுப்பு மௌனமாகிவிடும்.

அம்மௌனத்தை அவர்களுடைய குறையென்று நான் கொள்வதில்லை. நூலிலுள்ள சொற்கள் வேறு, வீட்டிலுள்ள சொற்கள் வேறு என்று அவர்கள் பழகிவிட்டார்கள். என் நிலை சற்று வேறானது. கணக்கீடு என்னிடம் பாடமாக வருவதற்கு முன்னரே பெரியப்பாவின் பலசரக்குக் கடையாக வந்துவிட்டது. வலிகாமத்திலே ஒரு சிறு சந்தியில் இருந்தது அந்தக் கடை. 1990 ஆம் ஆண்டின் பின் யாழ்ப்பாணத்திலே மின்சாரம் இல்லை. வெளியிலிருந்து வரும் சரக்குகளுக்குத் தடை. மண்ணெண்ணெய் மருந்துபோல் அளந்து வாங்கப்பட்ட காலம். மாலையிற் பள்ளி விட்டதும் நான் அக்கடையிற் சரை சுற்றுவேன். பழைய புதினத்தாளைக் கூம்பாகச் சுருட்டி, அடியை மடித்து, சீனியோ பருப்போ சிந்தாதபடி செய்வதற்கு ஒரு கைப்பழக்கம் வேண்டும். அதைப் பழகியபடியே பெரியப்பாவின் வியாபார முறையையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கடைக்குப் பெரியவர்களைவிடப் பிள்ளைகளே மிகுதியாக வருவார்கள். கையிலே ஒரு போத்தல், மற்றக் கையிலே வியர்வையில் நனைந்த காசு, வாயிலே வழியெல்லாம் மனனம் செய்துகொண்டு வந்த வாசகம். இடையிலே நாயொன்று குரைத்திருந்தால் அந்த வாசகம் மறந்துபோய்விடும். அப்படி மறந்து நிற்கும் பிள்ளையைப் பெரியப்பா அவசரப்படுத்தமாட்டார். "அம்மா என்ன சமைக்கிறா?" என்று கேட்பார். பிள்ளை சொல்லும். அதிலிருந்து வேண்டிய சாமானை அவரே கண்டுபிடித்துவிடுவார். எடை போடும்போது தராசுத் தட்டைப் பிள்ளையின் கண்ணுக்கு நேரே இறக்கிக் காட்டுவார். மீதிக் காசைத் தாளிலே பொதிந்து, தொகையை அதன் மேலே எழுதி, பிள்ளையின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிடுவார்.

இதைக் கருணை என்று மட்டும் சொன்னாற் போதாது. சந்தைப்படுத்தலில் இதைவிடக் கூர்மையான செயலை நான் இன்றுவரை கண்டதில்லை. பிள்ளை வீட்டுக்குப் போனதும் தாய் சரையை அவிழ்த்துக் கையாலே நிறை பார்ப்பாள், காசை எண்ணுவாள். பெரியவர்கள் தாமே வந்து வாங்கும்போது கடைக்காரன் நேர்மையாய் இருப்பதில் வியப்பில்லை. அவர்கள் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒன்றும் அறியாத பிள்ளையின் கையில் அவன் எதைக் கொடுத்து அனுப்புகிறான் என்பதை வைத்தே வீடுகள் கடையை மதிப்பிடுகின்றன. அம்மதிப்பீடு கிணற்றடியிலும் வேலிப்பொட்டுக்களிலும் ஒரு நாளைக்குள் ஊரெங்கும் பரவிவிடும். இன்றைக்கு முகநூலிலே பணங்கொடுத்து விளம்பரம் செய்பவர்களை நான் குறை கூறவில்லை. கூட்டத்தைக் கடைவாசல் வரைக்கும் அழைத்து வருவதற்கு அது உதவும். அடுத்த கிழமையும் அதே வீட்டிலிருந்து ஆள் வருவது சரையின் நிறையைப் பொறுத்தது.

பெரியப்பாவிடம் ஊரார் நகைத்த ஒரு பழக்கம் உண்டு. அவருடைய வீடு கடைக்குப் பின்னாலேயே இருந்தது. நடுவே ஒரு கதவு. ஆயினும் பெரியம்மாவுக்குத் தேங்காயெண்ணெய் வேண்டுமானால் அந்தக் கதவால் வந்து எடுத்துக்கொண்டு போக முடியாது. வாங்கும் பொருள் கொப்பியில் எழுதப்படவேண்டும். மாதமுடிவில், வீட்டுச் செலவுக்கென்று பெரியப்பா கொடுக்கும் பணத்திலிருந்து பெரியம்மா அந்தக் கணக்கைத் தீர்க்கவேண்டும். ஒரே வீட்டில் ஒரு கையிலிருந்து மறுகைக்குக் காசு மாறுவதைப் பார்த்துப் பெரியம்மாவின் சகோதரிகள் கேலி செய்வார்கள். அவவும் சில நாள் சினந்ததுண்டு. "கடை லாச்சியில இருக்கிற காசு எங்கட இல்லை. சாமான் தந்தவன்ர காசு, நாளைக்கு வாங்கப்போற சாமான்ர காசு. எங்களுக்கு உரியது மாசமுடிவிலதான் தெரியும்" என்பார் பெரியப்பா.

பல ஆண்டுகள் கழித்துப் பல்கலைக்கழகத்தில் அலகு எண்ணக்கரு என்னும் தலைப்பைப் படித்தபோது, எனக்கு அந்த நடுக்கதவுதான் நினைவுக்கு வந்தது. வியாபாரம் வேறு, அதன் உரிமையாளன் வேறு என்று கணக்கில் வைத்தல் வேண்டும் என்பது அதன் சாரம். உரிமையாளன் தன் தேவைக்கு எடுப்பதெல்லாம் எடுப்பனவு என்று பதியப்பட வேண்டும். இது புதிய கருத்துமன்று. இரட்டைப் பதிவு முறையை முதன்முதலில் அச்சிலே விளக்கிய லூக்கா பச்சியோலி என்னும் இத்தாலியத் துறவி, 1494 ஆம் ஆண்டில் வெனிசு நகரில் வெளிவந்த தம் கணித நூலிலே, வீட்டுச் செலவுக்கெனப் பேரேட்டில் தனிக் கணக்கு வைக்கவேண்டும் என்று வியாபாரிகளுக்குக் கூறியிருக்கிறார். ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன் வெனிசு வணிகனுக்கும் இது சொல்லித்தரவேண்டியதாக இருந்தது என்பதிலிருந்தே, காசுப் பெட்டிக்குள் வீட்டின் கை நுழைவது எவ்வளவு இயல்பானது என்பது விளங்கும். நம் ஊர்களிலே மூடப்பட்ட சிறு கடைகளுக்குப் போட்டியும் காலக்கேடும் காரணமென்று சொல்வார்கள். அவற்றுட் பலவற்றில் கலியாண வீட்டு மொய்யும் பிள்ளையின் பள்ளிச் செலவும் ஒருவரும் எழுதாமலே லாச்சியிலிருந்து போயிருக்கும். சரக்கு வாங்கக் காசில்லாதபோதுதான் அது தெரியவரும்.

அடுத்தது கடன். "கடன் அன்பை முறிக்கும்" என்ற பலகையைத் தொங்கவிடாத கடை நம்மவரிடையே அரிது. அப்பலகைக்குக் கீழே நின்றுகொண்டே கடன் கொடுக்காத கடைக்காரனும் அரியன். கடனே இல்லாமல் ஒரு கிராமத்திற் கடை நடத்துவது நடவாத காரியம். ஆசிரியருக்கு மாதமொருமுறை காசு, கூலியாளுக்கு அன்றாடம், தோட்டக்காரருக்குப் புகையிலையும் வெங்காயமும் விற்றபின். பெரியப்பாவின் கொப்பியிலே ஒவ்வொரு வீட்டின் பெயருக்கும் எதிரே அவ்வீட்டுக்குக் காசு வரும் காலம் குறிக்கப்பட்டிருந்தது. புகையிலை பாடம் போட்டு விற்பதற்கு முன்னர் தோட்டக்காரரிடம் அவர் கணக்குப் பேசமாட்டார். விற்றார் என்று அறிந்த மறுநாட் காலை, அவ்வீட்டுக்குரிய பக்கத்தை விரித்து மேசையில் வைத்துவிடுவார். "தம்பி, கடனைக் கேட்கக்கூடாது, கணக்கைக் காட்டவேணும்" என்று எனக்குச் சொல்லியிருக்கிறார். கேட்டால் மானம் போகிறது. காட்டினால் வந்தவர் தாமாகவே கையைச் சட்டைப்பையில் விடுகிறார்.

அதனினும் முக்கியமாக, ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் எல்லை இருந்தது. உறவினர்க்கும் அவ்வெல்லை தளராது. இந்தக் கண்டிப்பின் பயனை நாங்கள் 1996 ஆம் ஆண்டிலே கண்டோம்.

1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமத்து மக்கள் அனைவரும் இடம்பெயர நேர்ந்ததையும், இலட்சக்கணக்கானோர் அன்றிரவு நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குச் சென்றதையும் இதைப் படிக்கும் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பெரியப்பா கடையிலிருந்து சாமான்கள் எவற்றையும் எடுக்கவில்லை, எடுக்கவும் வழியில்லை. ஒரு பையிலே உடுப்பு, காணி உறுதி, கடன் கொப்பி. இவ்வளவே. அரைமூடை சீனியை விட்டுவிட்டுக் கொப்பியைக் கொண்டு வருகிறாரே என்று பெரியம்மா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தா.

அடுத்த ஆண்டு மே மாதம் திரும்பிவந்தபோது கடைக்குக் கதவுமில்லை; உள்ளே தராசின் ஒரு தட்டு மாத்திரம் கிடந்தது. பெரியப்பா குப்பையைக் கூட்டி, அயலிலே ஒரு மேசையை இரவல் வாங்கி, அதன்மேற் கொப்பியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். விற்பதற்கு ஒரு தீப்பெட்டிகூட இல்லை. எவரையும் தேடிப் போகவுமில்லை. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ ஒருவர் வந்து தம் பக்கத்தைப் பார்த்து, பாதியைத் தந்துவிட்டுப் போனார். பின்னர் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள்.

வந்தவர்கள் யாரென்று நான் கூர்ந்து கவனித்தேன். சிறு தொகைக் கடன்காரர் முதலில் வந்தனர். எல்லை கட்டுவதற்கு முந்திய காலத்திலே பெருந்தொகை வைத்திருந்த இரண்டு மூன்று பேர் கடைசி வரைக்கும் வரவில்லை. நல்ல வசதியோடு திரும்பிய ஒருவர் சந்தியைத் தவிர்த்து ஒழுங்கையால் சுற்றிப் போவார். அவர் கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சிறு கடனை மனிதன் தன் மானத்தோடு தீர்த்துவிடலாம். தீர்த்த கையோடு அதே கடையில் மறுபடி சாமானும் வாங்கலாம். பெருங்கடன் பட்டவன் கடைக்காரன் முகத்துக்கே அஞ்சுகிறான். ஆகவே எல்லை மீறிக் கொடுக்கும் கடைக்காரன் காசை இழப்பதோடு நில்லாமல் வாடிக்கைக்காரனையும் இழக்கிறான். அவ்வாறு சேர்ந்த பணத்தில் முதற் சரக்கு வாங்கிக் கடை திரும்பத் திறக்கப்பட்டது. வன்னிக்கும் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டவர்களின் பெயர்களைப் பெரியப்பா பென்சிலாற் கோடிட்டு வைத்தார். அறவிடமுடியாக் கடன் என்று நாம் பதிவழிப்பது அதைத்தான். மையினாற் கோடிடாதது அவருடைய சொந்த முறை.

வகுப்பிலே நன்மதிப்பைப் பற்றிக் கற்பிக்கும்போது, தொழில் தானாக வளர்த்துக்கொண்ட நன்மதிப்பை ஐந்தொகையிலே சொத்தாகக் காட்டலாகாது என்றும், பிறரிடமிருந்து தொழிலை வாங்கும்போது விலைகொடுத்துப் பெற்ற நன்மதிப்பே பதியப்படும் என்றும் சொல்லவேண்டியிருக்கிறது. விதி சரியானதுதான். ஆளுக்கொரு தொகையை எழுதினாற் கணக்குக் குழம்பிவிடும். இருந்தாலும், 1996 மே மாதம் அந்தக் கடையின் ஐந்தொகையை ஒருவர் எழுதியிருந்தால் கடன்பட்டோரைத் தவிர வேறென்ன எழுதியிருப்பார் என்று என் மாணவரிடம் கேட்பதுண்டு. தராசுத் தட்டு ஒன்று என்று ஒருவன் சொன்னான். அவனுக்கு நான் முழுப்புள்ளி கொடுத்தேன்.

இவையெல்லாம் பழைய ஊர்க்கதை, இக்காலத்துக்கு ஒவ்வா என்று சொல்பவர் உளர். அவர்களுக்காக அண்மைக் காலத்துச் செய்தி ஒன்றையும் கூறுகின்றேன். என்னிடம் படித்த மாணவி ஒருத்தி, மணமான பின் வீட்டிலிருந்தே மிளகாய்த்தூள் செய்து விற்று வருகிறாள். செத்தல் மிளகாய், மல்லி, சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம், கறிவேப்பிலை என்று யாவற்றையும் பதமாக வறுத்து, மில்லிலே திரித்து, 100 கிராம் பக்கற்றுகளாகக் கட்டுவாள். மல்லியைக் கழுவிக் காயவைப்பது அவளுடைய மாமியின் பொறுப்பு. அயல் வீடுகளும் நான்கைந்து கடைகளும் அவளுடைய சந்தை.

2022 ஆம் ஆண்டு வந்தது. மார்ச்சுத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த அமெரிக்க டொலர் மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் செப்டெம்பரில் 69.8 சதவீதம், உணவுப் பொருள்களுக்கு மட்டும் 94.9 சதவீதம். கடைகளில் நாளொரு விலை. அவள் கொப்பியோடு என்னிடம் வந்தாள். "சேர், ஒவ்வொரு மாதமும் இலாபம் எண்டுதான் கணக்குச் சொல்லுது. ஆனால் சாமான் வாங்கக் காசு காணாமல் வருது" என்றாள்.

கணக்குப் பொய் சொல்லவில்லை. உதாரணமாக, 100 ரூபா அடக்கவிலையில் 10 பக்கற்றுகள் செய்து 120 ரூபாவுக்கு விற்றால் 1,200 ரூபா கிடைக்கும். இலாபம் 200 ரூபா. இதற்குள் மூலப்பொருளின் விலையேற்றத்தால் அடக்கவிலை 160 ரூபாவாகிவிட்டால், அந்த 1,200 ரூபாவில் ஏழு பக்கற்றுகளே செய்யலாம். ஏட்டில் இலாபம், அடுக்கில் மூன்று பக்கற்றுகள் குறைவு. பழைய கிரயத்தில் இலாபம் பார்க்கும் முறை, விலை நிலையாய் இருக்கும் காலத்துக்கே முற்றும் பொருந்தும். விலை ஏறும் காலத்திலே சிறு உற்பத்தியாளர், விற்ற பொருளை மீண்டும் செய்ய எவ்வளவு வேண்டும் என்பதைக் கொண்டே விலையை வைத்தல் வேண்டும்.

ஆனால் அவளுடைய கொப்பியில் அதற்கும் முந்திய ஓர் இடர்ப்பாடு இருந்தது. மிளகாய்க்கு விலை இருந்தது, மில்லுக்குக் கூலி இருந்தது, பக்கற்றுக்கும் இருந்தது. வறுத்த விறகுக்கும், அரித்துக் கட்டிய அவள் கைக்கும், மல்லி காயவைத்த மாமிக்கும் ஒன்றுமில்லை. பெரியப்பாவின் கடையிலே வீடு எடுப்பதைத் தடுக்க ஒரு கதவு வேண்டியிருந்தது. இங்கோ வீட்டிடமிருந்து தொழில் எடுத்துக்கொண்டிருந்தது. வீட்டில் இருந்து செய்யும் பெண்களின் தொழில்களிலே இது பெரும்பாலும் காணப்படுகின்றது. தங்கள் உழைப்பை ஒரு செலவென்று அவர்கள் எண்ணுவதேயில்லை, அதனால் பொருள் மலிவாக இருக்கிறது, வாங்குபவர் புகழ்கிறார்கள், உடல் நோய்ப்பட்டு ஒரு கூலியாளை வைக்க நேரும் நாளில், விற்கும் விலை கூலிக்கே போதாது என்பது வெளிப்படுகிறது. "நாளைக்கு உனக்குக் காய்ச்சல் எண்டால், அரிக்க ஓராளைக் கூப்பிட்டு என்ன குடுப்பாய், பிள்ளை?" என்று கேட்டேன். அவள் ஒரு தொகை சொன்னாள். அதைக் கொப்பியில் எழுதச் சொன்னேன்.

விலையை எப்படி உயர்த்துவது என்பதிலே வீட்டில் விவாதம் நடந்ததாம். பக்கற்றின் அளவை மாற்றாமல் உள்ளே 10 கிராமைக் குறைத்துவிடலாம் என்றார் ஒருவர். மிளகாயைக் குறைத்து மல்லியைக் கூட்டலாம் என்றார் இன்னொருவர். இரண்டும் பெரிய தொழிலகங்கள் பலவும் கையாளும் உபாயங்கள். நான் அவற்றை வெறுக்கிறேன். சமையலறையில் நிற்பவளுக்குக் குழம்பின் நிறம் உண்மையைச் சொல்லிவிடும். அவள் விலையை வெளிப்படையாக உயர்த்தினாள். உயர்த்துமுன் ஒரு கிழமைக்கு முன்னரே வாடிக்கை வீடுகளுக்குச் சொல்லி, விரும்பினோர் பழைய விலையில் ஒரு பக்கற்று வாங்கிக்கொள்ள வாய்ப்பளித்தாள். முழுவிலை கொடுக்க இயலாதவர்க்கென 50 கிராம் பக்கற்று ஒன்றையும், நிறையைப் பெரிய எழுத்திலே பொறித்து, புதிதாகச் செய்தாள். சில வீடுகள் விலகின. சின்னப் பக்கற்றோ எதிர்பார்த்ததைவிட மிகுதியாக விற்றது.

கடைகளுக்குக் கொடுப்பதிலும் ஓர் ஒழுங்கு வந்தது. முதலிற் கொடுத்ததற்குக் காசு வந்த பின்னரே இரண்டாவது தொகுதி. அதற்கடுத்த ஆண்டிலே கொழும்பிலுள்ள ஒரு பெரிய அங்காடி மாதம் 1,000 பக்கற்று கேட்டது. காசு 60 நாளின் பின். வீட்டார் மகிழ்ச்சியடைந்தனர். அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். முதற் காசு கைக்கு வருமுன் 2,000 பக்கற்றுக்குரிய மூலப்பொருளைத் தன் பணத்திலே வாங்க வேண்டும்; தாமதமானால் 3,000. அந்த முதல் அவளிடம் இல்லை. கடன் வாங்கிச் செய்ய மனமில்லை. மாதம் 100 பக்கற்றென்றால் தரலாம் என்று பதில் எழுதினாள். மறுமொழி வரவில்லை. அதைப்பற்றி அவள் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை. கனடாவுக்கும் இலண்டனுக்கும் போகும் உறவினரின் பெட்டிகளிலே, முற்பணத்தோடு, அதைவிடக் கூடுதலாகப் போகின்றதாம்.

சென்ற தை மாதம் அவ்வழியாற் போனபோது அவள் வீட்டில் ஒரு தேநீர் குடித்தேன். முற்றத்திலே பாயில் மல்லி காய்ந்துகொண்டிருந்தது. காகம் வராதபடி மாமி தடியோடு இருந்தார். கொப்பியை வாங்கிப் பார்த்தேன். வீட்டுச் சமையலுக்கு எடுத்த தூள் கால் கிலோ, விலையோடு. அவளுக்கு நாட்கூலி. விறகு. மாமிக்கு மல்லிக் கூலியென்று தனியே ஒரு பத்தி. முதன்முதல் அந்தக் காசைக் கொடுத்தபோது, "வீட்டுக்குள்ள என்ன கூலி?" என்று மாமி வாங்க மறுத்துவிட்டாராம். இப்போது முதலாந் திகதி பிந்தினால் அவரே கேட்கிறார் என்று அவள் சிரித்துக்கொண்டு சொன்னாள்.